மூன்றாவது தட்டிதான் நிலைத்தது

தரையில் விழுந்த புல்லை ஆடு தின்னாது என்று ஆடு வாங்கும் முன்பே கேள்விப்பட்டிருந்தேன். அது இவ்வளவு கறாராக இருக்கும் என்று நினைக்கவில்லை. உலர்புல்லை மிதித்து, அதன் மேலேயே புழுக்கை போட்டு, படுத்து எழுந்து, புதுப் புல் எங்கே என்று என்னைப் பார்த்துக் கத்தும். சாணம் பட்டதைத் தின்றால் வயிற்றில் புழு ஏறும் என்பதால் அந்த வீம்பையும் குறை சொல்ல முடியாது.

அதனால் புல்லைத் தரையில் படாமல் உள்ளே வைத்து, ஆடு வெளியிலிருந்து பிடுங்கித் தின்னும் தீவனத் தட்டி செய்ய இறங்கினேன். முதல் தட்டியை 15 செ.மீ. கண்ணியுள்ள கம்பி வலையில் செய்தேன். பெரிய தவறு. கொம்பு பின்பக்கம் சாய்ந்திருப்பதால் தலை வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். இழுக்கும்போது கொக்கி மாதிரி மாட்டும். ஒரு காலையில் போய்ப் பார்த்தபோது கிடா சிக்கிக்கொண்டு நின்றது, கழுத்தெல்லாம் உராய்வு. அன்றே பிரித்துப் போட்டேன்.

இரண்டாவது, மரச்சட்டம். ஆறே மாதத்தில் விளிம்புகளைக் கடித்துக் குதறிவிட்டன. மேல்பக்கம் திறந்திருந்ததால் குட்டிகள் ஏறிக் குதித்து உள்ளேயே தூங்கின.

இப்போது இருப்பது நாலாவது வருடமாக உழைக்கிறது. இரும்புச் சட்டத்தில் 5க்கு 10 செ.மீ. கண்ணி வலை. வாய் மட்டும் நுழையும், தலை நுழையாது. ஒவ்வொரு வாயாகப் பிடுங்கித் தின்ன வேண்டியிருப்பதால் சிதறலும் குறைவு. முதலில் ஆடுகளின் தலைக்கு மேலே மாட்டியிருந்தேன். தூசியும் புல் துணுக்கும் விழுந்து கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தது. அப்புறம் அடிப்பக்கம் நெஞ்சு உயரத்துக்கு வரும்படி இறக்கினேன்.

உண்மையில் புல்லை மிச்சப்படுத்துவது வலை அல்ல, அடியில் வைத்த தட்டுதான். பயறுவகைச் செடிகளை உலர்த்திய தீவனத்தில் சத்து இலையில்தான் அதிகம், உதிர்வதும் அதுதான். தட்டில் விழுந்ததை நக்கித் தின்றுவிடும். மழைச் சாரல் படும் இடமென்றால் தட்டில் ஓட்டை போடுங்கள். ஈரப் புல் பூசணம் பிடிக்கும்.

ஆறு ஆடுகளுக்கு ஒரே நீளத் தட்டி வைத்தபோது கிழட்டுப் பெட்டை ஒன்று எல்லோரையும் முட்டி விரட்டியது. இரண்டாக்கி எதிரெதிர் மூலையில் வைத்தேன். ஆட்டுக்கு 40 செ.மீ. இடம் கணக்கு. இரண்டு மூலையையும் அந்தப் பெட்டையால் காவல் காக்க முடியவில்லை.

குறை என்றால் மேல்மூடிதான். ஏறி நிற்காதபடி சரிவாக வைத்தேன். குட்டிகள் அதில் சறுக்கி விளையாடுகின்றன. கீல் இரண்டு முறை மாற்றியாயிற்று.