கண்மாய்க்கு மேலே ஒரு பால்சா இறக்கை: ஜென்டில் லேடி கிளைடர் கிட், ஓராண்டுக்குப் பின்

பெட்டியைக் கையில் வாங்கிய அப்பா அதை இரண்டு முறை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "உள்ளே மரம் இருக்கிறது என்றாயே தாயி, வைக்க மறந்துவிட்டார்களோ?" என்றார். தேக்கும் வேங்கையும் ஐம்பது ஆண்டுகள் இழைத்த கை அது. மிக இலேசான பால்சா மரப் பலகைகளை மேசையில் பரப்பிய பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினார், பள்ளம் விழுந்தது. அதன் பிறகு அரை மணி நேரம் பேச்சே இல்லை. ஒவ்வொரு துண்டாக எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மரத்தின் ரேகை ஓடும் வாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. ரேடியோவில் இயக்கும் மாடல் விமானங்களில் முன்பு பழகியது மோட்டார் வைத்த நுரை விமானம் ஒன்று மட்டும். மோட்டாரே இல்லாமல், காற்றை மட்டும் நம்பிப் பறக்கும் கிளைடர் எப்படி இருக்கும் என்று பார்க்கப் பல நாள் ஆசை. சென்ற ஆண்டு ஜனவரியில் இந்தக் கிட்டை, அதாவது நாமே ஒட்டிக் கட்ட வேண்டிய மரத்துண்டுகள் அடங்கிய பெட்டியை, வரவழைத்தேன். கட்டி முடிக்க இரண்டரை மாதம் ஆயிற்று. ஏப்ரலில் முதன்முதலாகப் பறந்தது. ஓராண்டு பறக்கவிட்ட பிறகு எழுதுகிறேன்.

ஜென்டில் லேடி பழைய வடிவமைப்பு. சிகாகோவைச் சேர்ந்த கார்ல் கோல்ட்பெர்க் மாடல்ஸ் நிறுவனத்தின் கிட்டாக வெளிவந்து, 1980களில் அமெரிக்காவில் பலர் கிளைடர் ஓட்டக் கற்றுக்கொண்டது இதில்தான். இறக்கையின் நீளம் 78¼ அங்குலம், அதாவது இரண்டு மீட்டருக்குச் சற்றே குறைவு. இறக்கையின் அடிப்பக்கம் தட்டை. ஆகவே மேசை மேல் வரைபடத்தை விரித்து அதன் மேலேயே நேராகக் கட்டலாம். இறக்கையில் அசையும் பகுதி எதுவும் கிடையாது. வாலில் இடம் வலம் திருப்பும் ரட்டரும், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும் மட்டும். ரட்டரைத் திருப்பினால் மூக்கு திரும்பும். நுனிகள் மேல் நோக்கி மடிந்த இறக்கை தானாகவே சாய்ந்து வளையும். இறக்கையை உடலோடு பிடித்துவைப்பவை ரப்பர் பட்டைகள். கரடுமுரடாக இறங்கினால் ரப்பர் நழுவும், இறக்கை விலகிக்கொள்ளும், உடைவது குறையும். இதைவிட எளிய காப்பீடு எனக்குத் தெரியாது.

எனக்கு வந்தது அந்த வரைபடத்தை வைத்து லேசரில் வெட்டித் தரும் கிட். வெட்டித் தருவது ஒரு சிறு பட்டறை. குறைகளை அவர்களுக்கே விரிவாக எழுதிவிட்டதால் பெயரை இங்கே போடவில்லை. கிட்டின் விலை 7,400 ரூபாய். சட்டகத்தின் மேல் ஒட்டும் ஃபிலிம், ரேடியோ, வாலை அசைக்கும் சர்வோ, ஏவும் ரப்பர் எல்லாம் தனி. மொத்தச் செலவு 18,000 ரூபாயைத் தொட்டது.

முதலில் மரம். இந்த வகைக் கிட்டில் காசு கொடுத்து வாங்குவது மரத்தைத்தான். பட்டறையின் அக்கறை தெரிவதும் அங்கேதான். இறக்கைக்கு உருவம் தரும் குறுக்குத் துண்டுகளான விலாக்கள் அருமை. முப்பதுக்கும் மேற்பட்ட விலாக்களை அடுக்கிப் பிடித்துப் பார்த்தேன், ஒன்றுகூட மயிரிழை பிசகவில்லை. லேசர் வெட்டிய ஓரம் கருகியிருக்கும், அந்தக் கரி மேல் பசை சரியாகப் பிடிக்காது. நுண்ணிய உப்புத்தாளால் ஒரே ஒரு தேய்ப்பு போதும். அதிகம் தேய்த்தால் விலாவின் உருவமே மாறிவிடும்.

நீளவாக்குச் சட்டங்களில்தான் சிக்கல். இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார்கள் ஸ்ப்ரூஸ் மரத்தில் வந்தன. அப்பா அவற்றில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார். "இதில் ரேகை பக்கவாட்டில் ஓடி வெளியே போகிறது பார். பாரம் விழுந்தால் இந்த இடத்தில்தான் ஒடியும்" என்று பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். எனக்கு அந்தக் கோடு காட்டிய பிறகுதான் கண்ணில் பட்டது. படம் எடுத்து அனுப்பினேன். பட்டறைக்காரர் மறுபேச்சில்லாமல் ஒன்பது நாளில் வேறு ஸ்பார் அனுப்பினார், காசு கேட்கவில்லை. அதே சமயம் பின்விளிம்புச் சட்டங்களை நகை எடை போடும் சிறு தராசில் வைத்தேன். ஒன்று 11 கிராம், இன்னொன்று 19 கிராம்! ஒரே அளவு, ஒரே மரம், எடை மட்டும் இத்தனை வித்தியாசம். பால்சாவின் இயல்பே அது. அப்படியே கட்டியிருந்தால் ஒரு பக்க இறக்கை கனத்து, விமானம் எப்போதும் அந்தப் பக்கமே சாயும். அப்பா இரண்டையும் பாதியாக வெட்டி, கனமான இரு பாதிகளை உடலை ஒட்டிய பகுதிக்கும் இலேசான இரு பாதிகளை நுனிக்கும் வைக்கச் சொன்னார். நுனி இலேசாக இருந்தால் சாய்வதும் நிமிர்வதும் சுறுசுறுப்பாக இருக்கும். காரணம் எனக்குக் கணக்கில் தெரியும், அவருக்குக் கையில் தெரிந்தது.

செய்முறைத் தாள் மிக மோசம். இரண்டு பக்க நகல், நான்கு படங்கள், அவ்வளவே. மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் இடையே ஒட்டும் மெல்லிய பால்சாத் தடுப்புகளை எந்த வாக்கில் வைக்க வேண்டும் என்று அதில் ஒரு சொல் இல்லை. ரேகை செங்குத்தாக நிற்க வேண்டும். ஏவும்போது இறக்கை மேல் நோக்கி வளைகிறது; மேல் ஸ்பார் நசுங்கப் பார்க்கும், கீழ் ஸ்பார் இழுபடும், இரண்டும் ஒன்றையொன்று நெருங்காமல் முட்டுக் கொடுப்பவை இந்தத் தடுப்புகள்தான். ரேகையைப் படுக்கையாக வைத்து ஒட்டினால் இருந்தும் இல்லாதது போல. புதிதாகக் கட்டும் ஒருவருக்கு இது எப்படித் தெரியும்? இறக்கை நுனியின் பின்விளிம்பைச் சற்று உயர்த்திக் கட்ட வேண்டும் என்பதும் தாளில் இல்லை. நான் 3 மி.மீ. உயர்த்தினேன். வேகம் குறையும்போது நுனி முதலில் தூக்குவிசையை இழந்து ஒரு பக்கமாகக் கவிழாமல் இருக்க அது வேண்டும். இவ்வளவு நேர்த்தியாக வெட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பத்தி எழுத மறுத்தது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

வரைபடத்தில் இறக்கை ஒரே துண்டு. என் ஸ்கூட்டரில் இரண்டு மீட்டர் இறக்கையைக் கொண்டுபோக முடியாது. ஆகவே நடுவில் பிரித்து, இரு பாதிகளிலும் பித்தளைக் குழாய் பதித்து, வளைத்த 6 மி.மீ. எஃகுக் கம்பியால் இணைத்தேன். கூடுதல் எடை வந்தது, வருத்தமில்லை.

ஃபிலிம் ஒட்டுவதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டு இஸ்திரிப் பெட்டியே போதும், பழைய துணித்துண்டில் சூடு பார்த்துக்கொண்டால் சரி. மேலே மஞ்சள், அடியில் அடர் சிவப்பு. அடிப்பக்கம் அடர் நிறமாக இருந்தால்தான் கோடை வானத்தின் வெளுப்பில் கண்ணுக்குத் தப்பாது. மழைக்காலத்தில் ஃபிலிம் தளரும், மறுபடி சூடு காட்ட வேண்டும். அப்போது இறக்கை முறுக்கிக்கொண்டதா என்று தரையில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஆறு சேனல் ரேடியோ, இரண்டு சிறு சர்வோ, நான்கு ரீசார்ஜ் பேட்டரி, மூக்கில் 62 கிராம் ஈயம். எல்லாம் சேர்த்து 812 கிராம். இறக்கைப் பரப்பு 663 சதுர அங்குலம். ஒரு சதுர டெசிமீட்டருக்கு 19 கிராம் பாரம். இந்த எண்தான் இந்த விமானத்தின் குணம் முழுவதும். இது மிதிவண்டியில் போகிறவரின் வேகத்தில்தான் பறக்கிறது. தவறு செய்தால், தவறு என்று உணர்ந்து, யோசித்து, திருத்தவும் நேரம் தருகிறது.

முதல் நாள் காலை ஆறரை மணி. கோடையில் எங்கள் ஊர்க் கண்மாய் வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதைவிட நல்ல மைதானம் கிடையாது. காற்றை எதிர்த்துக் கையால் மெல்ல எறிந்தேன். மூக்கைத் தூக்கிற்று, நின்றது, தொப்பென்று விழுந்தது. மூக்கில் இன்னும் 14 கிராம் ஈயம் சேர்த்தேன். இரண்டாவது எறிதலில் கோடு போட்டாற்போல் முப்பது தப்படி போய், புழுதியைக்கூட எழுப்பாமல் இறங்கியது. அக்கா மகன் கூடவே ஓடினான். "சித்தி, சத்தமே இல்லை!" என்றான். மோட்டார் விமானத்தில் பழகிய எனக்கும் அந்த அமைதி புதிது. காது கொடுத்தால் ஃபிலிம் மேல் காற்று உரசும் ஓசை மட்டும்.

உயரே ஏற்ற 30 மீட்டர் லேட்டக்ஸ் ரப்பர்க் குழாயும் 100 மீட்டர் நைலான் கயிறும் வேண்டும். குழாயின் ஒரு முனையை முளையடித்துக் கட்டி, கயிற்றின் முனை வளையத்தை விமானத்தின் அடிக் கொக்கியில் மாட்டி, பின்னால் நடந்து இழுத்து விட வேண்டும். நான் வில் தராசு வைத்து 3 கிலோ இழுவைக்கு மேல் போவதில்லை. விமானத்தின் எடையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. கொக்கி இருக்க வேண்டிய இடத்தைத் தாள் ஈர்ப்பு மையத்துக்கு நேர் கீழே காட்டியிருந்தது. அதை நம்பியதால் முதல் ஏவலில் விமானம் இடது பக்கம் வெட்டிக்கொண்டு போய்க் கரையோரச் சீமைக்கருவேலத்தில் விழுந்தது. இறக்கை ஒடியவில்லை, ஆனால் ஃபிலிமில் பதினேழு முள் ஓட்டை. கொக்கியை 10 மி.மீ. முன்னால் நகர்த்தினேன். அன்றிலிருந்து இன்றுவரை நேராக ஏறுகிறது. சுமார் 85 மீட்டர் உயரத்தில் வளையம் தானாகக் கழன்று கீழே வரும். அசைவற்ற காலைக் காற்றில் அங்கிருந்து தரைக்கு வர மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும்.

அந்த மூன்று நிமிடம் எப்படி முப்பது நிமிடமாகிறது என்பதற்குத்தான் இந்தக் கிளைடரை நான் கொண்டாடுகிறேன். மே மாதம் ஒரு சனிக்கிழமை, காலை பத்தே கால். கண்மாய் நடுவில் வெடித்த தரை சுட ஆரம்பித்திருந்தது. வளையம் கழன்றதும் கிழக்குக் கரைப் பக்கம் போனேன். போகும் வழியில் வலது இறக்கையின் நுனி மட்டும் மெல்ல எழுந்தது, யாரோ அடியில் விரல் வைத்து நெம்பியதைப் போல. எந்தப் பக்கம் நுனி எழுகிறதோ அந்தப் பக்கம் ஏறுகாற்று இருக்கிறது. வேகமான விமானத்தில் இது கண்ணில் படுவதற்குள் கடந்துபோய்விடும். இதில் தெரிந்தது. ரட்டரை வலதுபுறம் திருப்பினேன். அரை வட்டம் வரை ஒன்றுமில்லை. பிறகு வால் சற்று உயர, விமானம் முழுவதும் தூக்கியது. ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று உயர்ந்தது. மூன்றாவது சுற்றில் இரண்டு கரும்பருந்துகள் கரையிலிருந்து வந்து சேர்ந்துகொண்டன. இறக்கை அடிக்கவில்லை, என் விமானத்துக்குக் கீழே, அதே திசையில் சுற்றின. அவை ஏறுகாற்றின் நடுவத்தை என்னைவிட நன்றாக அறிந்தவை. அவை வட்டத்தை இருபது தப்படி தெற்கே நகர்த்தின. நானும் நகர்த்தினேன், ஏற்றம் கூடியது.

இந்த இடத்தில் ஒரு கட்டுப்பாட்டைச் சொல்ல வேண்டும். 2021 டிரோன் விதிகளின்படி, முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர்தான் உச்சம். விமான நிலையத்துக்கு அருகே அதுவும் கிடையாது. அரசின் வான்வெளி வரைபடத்தில் உங்கள் இடத்தின் நிறத்தைப் பார்த்துவிட்டே போங்கள். ஏறுகாற்று இன்னும் தூக்கத் தயாராக இருந்தது, நான்தான் வெளியேறினேன். மூக்கை அழுத்தி வேகமாக இறக்க எனக்குத் துணிவில்லை. விலகிப்போய், காற்று கீழிறங்கும் பகுதியைத் தேடி, உயரத்தைக் குறைத்து, மறுபடி வந்து சேர்ந்தேன். இப்படியே நான்கு முறை. இறங்கியபோது 31 நிமிடம். உள்ளே வைத்திருந்த உயரமானியில் உச்சம் 114 மீட்டர் என்று இருந்தது. கழுத்து வலித்தது, கை நடுங்கியது, சொல்ல முடியாத மகிழ்ச்சி.

ஆனி, ஆடியில் இதை எடுக்காதீர்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். எண்ணூற்றுச் சொச்சம் கிராம் எந்த மூலைக்கு? ஒரு முறை எடுத்துப் பார்த்தேன். காற்றை எதிர்த்து நின்ற இடத்திலேயே நின்றது, பிறகு மெல்ல மெல்லப் பின்னோக்கிப் போனது. நெல் வயலில் இறக்கி, சேற்றில் நடந்துபோய் எடுத்துவந்தேன். கோடை உச்சத்தில் நண்பகலும் வேண்டாம். எங்கள் ஊரில் பேய்க்காற்று என்று சொல்லும் புழுதிச் சுழல் கண்மாயில் எழும்போது, பறக்கவிடாமல் உட்கார்ந்து பார்ப்பதே நல்லது.

யார் வாங்கலாம்? பெட்டியைப் பிரித்த அன்றே பறக்க வேண்டுமென்றால் நுரை விமானம் வாங்குங்கள், அதில் தவறில்லை. பசை காயும்வரை ஓர் இரவு காத்திருக்க மனம் உள்ளவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். ஆர்டர் செய்யும்போதே, எடை பொருந்திய பின்விளிம்புச் சட்டங்களும் நேர்ரேகை ஸ்பார்களும் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.

அடுத்த இறக்கையில் உயரத்தைக் குறைக்க உதவும் ஸ்பாய்லர்கள் வைக்கிறேன். விலாக்கள் மேசையில் நிற்கின்றன. செய்முறைத் தாளைப் பற்றி நான் எழுதிய கடிதத்துக்குப் பட்டறையிலிருந்து பதில் வந்தது: நீங்களே எழுதித் தர முடியுமா என்று. பதினொரு பக்கம் எழுதி அனுப்பினேன். ரேகை எந்த வாக்கில் நிற்க வேண்டும் என்ற படங்களை அப்பா பென்சிலில் வரைந்து கொடுத்தார். அடுத்த முறை வெட்டும் கிட்டுகளில் அதை வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.