பல்லிடுக்கு பிரஷ்: மூன்று வருடம் பயன்படுத்திய அனுபவம்

கொய்யாப்பழத்தைக் கடித்தால் கடித்த தடத்தில் ரத்தம். வலி இல்லாததால் ஒரு வருடம் அப்படியே விட்டுவிட்டேன். "பல்லுல இறுகிப்போன காறைய எடுத்தா பல்லு ஆட்டம் கண்டுரும்டி" என்று அம்மா சொன்னதும் ஒரு காரணம்.

பல் டாக்டர் மெல்லிய அளவுகோல் கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு அளந்தார். 3 மி.மீ. வரை சரியாம். எனக்குக் கீழ்க் கடைவாயில் 6. அவ்வளவு ஆழத்துக்குச் சாதாரண பிரஷ் எட்டாது. மரப்பு ஊசி போட்டு, இரண்டு தடவையாக வேர்ப்பகுதி வரை காறையை எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து நாக்கால் தடவினால் பல்லுக்குப் பல் சந்து! அம்மா சொன்னபடியே ஆகிவிட்டதோ என்று அன்று தூக்கமே வரவில்லை. காறை அடைத்திருந்த இடமும், வீங்கிய ஈறு வற்றியதும்தான் அந்தச் சந்து என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மனம் ஆறியது. அந்தச் சந்துக்குள் விட்டுத் தேய்க்கத்தான், மெல்லிய கம்பியைச் சுற்றி முடி வைத்த இந்தக் குட்டி பிரஷ்.

தினமும் ராத்திரி ஒரு தடவை, கண்ணாடி முன்னால். முதல் வாரம் வெளியே இழுத்த பிரஷ் முழுக்கச் சிவப்பு, கூடவே ஒரு அழுகல் வாடை. வாய் நாற்றத்துக்கு வயிற்றைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேனே, காரணம் கையிலேயே இருந்தது. ரத்தம் வருகிறதென்று நிறுத்தியிருந்தால் கெட்டிருப்பேன். பத்துப் பன்னிரண்டு நாளில் ரத்தம் நின்றது.

சைஸ் முக்கியம். எனக்கு முன்பற்களுக்கு 0.4 மி.மீ., கடைவாய்க்கு 0.7. இறுக்கமான சைஸைத் திணித்தால் கம்பி வளைந்து ஈறில் குத்தும். கடைவாய்க்கு பிரஷின் கழுத்தைச் சற்று வளைத்துத்தான் விட வேண்டும். ஒரு பிரஷ் ஒரு வாரம் வருகிறது, செலவுதான்.

குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி வாய்க்கழுவியை இரண்டு வாரம் மட்டும் தந்தார்கள். சாம்பாரில் உப்பே தெரியவில்லை, பல்லில் பழுப்புக் கறை வேறு. நாமாக நீட்டிக்க வேண்டாம்.

எனக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையும் அடங்காது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை செக்கப்பை விடுவதில்லை. போன மாதம் அளந்தபோது அதே கடைவாயில் 3. ஒரே ஒரு இடம் இன்னும் 4. அந்த இடுக்கில் மட்டும் ராத்திரி கூடுதலாக நாலு தேய்ப்பு.