துபாய் பேக்கேஜ் பேப்பரில் 'ஆர் சிமிலர்' இருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள்

அரையாண்டு லீவுக்குக் குடும்பத்தோடு துபாய் போகிற பழக்கம் எங்கள் கும்பகோணம், மாயவரம் பக்கம் இப்போது நன்றாகவே பரவிவிட்டது. அதனால்தான், ஏஜென்டின் பேப்பரில் இருந்த 'ஆர் சிமிலர்' (அதுபோல வேறொன்று) என்ற சொல்லைக் கவனிக்காமல் நாங்கள் ஏமாந்த கதையை எழுதுகிறேன். 2024 டிசம்பரில் நானும் மனைவியும், இரண்டு பிள்ளைகளும், 67 வயது அம்மாவும் போய் வந்தோம். குடும்பத்தில் எல்லோருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம்.

அந்த வருடம் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். போர்வெல் தண்ணீரை நம்பிக் குறுவை போட்டோம். நெல் காசு கைக்கு வந்ததும், "ஒரு தடவையாவது பிள்ளைகளை வெளிநாடு கூட்டிப் போவோம்" என்று மனைவி சொன்னாள். பணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் போனதன் வலியும் புரியும், அதற்காகச் சொல்கிறேன்.

ஏஜென்ட் கும்பகோணத்துக்காரர். என் மச்சானுக்குத் தெரிந்தவர். தெரிந்தவர் என்பதால் நான் எதையும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. ஆளுக்கு 64,000, ஐந்து பேருக்கு 3,20,000. அதற்கு மேல் "டிசிஎஸ், கவர்மென்ட் வரி அண்ணே, நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று 5 சதவீதம், 16,000. இரண்டு லட்சம் ரொக்கம், மீதி ஜிபே. ஜிபே போனது கம்பெனிக் கணக்குக்கு இல்லை, அவர் மனைவியின் நம்பருக்கு. ரசீது என்று ஒரு துண்டுச் சீட்டு வந்தது, அதில் ஜிஎஸ்டி எண்கூடக் கிடையாது. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

முதல் இடி விசா. பணம் கட்டியது அக்டோபரில். டிசம்பர் 20 வரை "ப்ராசஸ்ல இருக்கு". அந்த நவம்பரிலிருந்து துபாய் சுற்றுலா விசாவுக்கு ஹோட்டல் முன்பதிவும் திரும்பி வரும் டிக்கெட்டும் கண்டிப்பாகக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள், நிறையப் பேருக்கு நிராகரிப்பும் ஆனது. இவர் டிசம்பர் வரை எங்களுக்கு ஹோட்டலே போடாமல் இருந்திருக்கிறார். கடைசியில் "எக்ஸ்பிரஸ்ல அடிச்சாதான் வரும்" என்று ஆளுக்கு 4,500 கூடுதலாகக் கேட்டார். கொடுத்தேன். வேறென்ன செய்ய? பெட்டி கட்டியாயிற்று, பிள்ளைகள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியாயிற்று. அம்மாவின் விசா புறப்படுவதற்கு முதல் நாள் ராத்திரி ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் வந்தது.

நடுவில் ஒன்று. அம்மா குருமாப் பொடி அரைத்துப் பெட்டியில் வைத்திருந்தார். ராஜகிரிக்காரரான என் பள்ளித் தோழர் துபாயின் டேரா பகுதியில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறார். யதேச்சையாகப் போன் செய்தவர், "அதுல கசகசா இருக்கா? எடுத்து வெளிய வைடா முதல்ல" என்று கத்தினார். கசகசா அங்கே தடைசெய்யப்பட்ட பொருள், பிடிபட்டால் போதைப்பொருள் வழக்கு. அம்மாவின் மூட்டுவலி மாத்திரையில் டிரமடால் இருந்தது, அதுவும் அங்கே முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாதது. டாக்டரிடம் ஓடி மாற்றி வாங்கினோம். 3,20,000 வாங்கியவர் இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திருச்சியில் ஏறி ஷார்ஜாவில் இறங்கினோம். வேன் ஹோட்டலுக்கு வந்து நின்றதும், "துபாய் வந்துட்டோமா அப்பா?" என்றான் மகன். வெளியே பெயர்ப்பலகைகளில் எல்லாம் ஷார்ஜா என்றே இருந்தது. ஏஜென்டுக்குப் போன் போட்டேன். "பேப்பரைப் பாருங்கண்ணே, போட்டிருக்கேன்ல" என்றார். அவர் தந்த பயணத் திட்டத்தில் துபாய் ஹோட்டல் ஒன்றின் பெயர் இருந்தது. அதன் பின்னால் சிறிய எழுத்தில் 'ஆர் சிமிலர்'. அதாவது அதுவோ, அதுபோல வேறொன்றோ. அந்த 'வேறொன்று' பக்கத்து எமிரேட்டில், அதாவது ஷார்ஜா மாதிரி அமீரகத்தின் வேறொரு மாநிலத்தில் இருந்தாலும் செல்லுமாம்.

ஷார்ஜா மோசமான ஊர் இல்லை. ஆனால் துபாய் பார்க்க வந்தவனுக்கு அங்கே ரூம் போட்டால் பாதி நாள் ரோட்டில் போகும். துபாய் மெட்ரோ ஷார்ஜாவுக்கு வராது. காலையில் அல் இத்திஹாத் சாலை முழுக்க வேலைக்குப் போகிற கார்கள். எட்டு மணிக்குக் கிளம்பினால் பத்து மணிக்குத்தான் துபாய். அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது.

இரண்டாம் நாள்தான் பெரிய கூத்து. திட்டத்தில் 'புர்ஜ் கலீஃபா வியூ' என்று இருந்தது. நான் அதை 124-வது மாடி ஏறி ஊரைப் பார்ப்பது என்று நினைத்திருந்தேன், ஏஜென்டும் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அந்தப் படத்தைத்தான் மாட்டி வைத்திருந்தார். வேன் ஒரு சாலையோரம் நின்றது. "பத்து நிமிஷம், போட்டோ எடுத்துக்கோங்க" என்றார் டிரைவர். மலப்புரத்துக்காரர், நல்ல மனிதர். "எனக்குத் தந்த ஷீட்ல போட்டோ ஸ்டாப்னுதான் இருக்கு சார், டிக்கெட் எல்லாம் உங்க ஏஜென்சி போட்டாத்தான்" என்றார். 828 மீட்டர் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தபடி அம்மா கேட்டார்: "ஏன் தம்பி, மலைக்கோட்டைக்குப் போயிட்டுப் படியில நின்னு பாத்துட்டு வந்த மாதிரில்ல இருக்கு?"

துபாய் ஃபிரேமும் அப்படியே. 150 மீட்டர் உயரச் சட்டம், அதன் உச்சியில் இருக்கிற கண்ணாடித் தளத்தில் நடக்கலாம் என்று மகள் மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தாள். அதையும் வெளியிலிருந்தே காட்டினார்கள்.

பாலைவன சஃபாரி உண்மையிலேயே நடந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் மணல்மேட்டில் ஜீப் ஏறி இறங்குவதற்குத் தனிக் காசு என்று அங்கே போனதும் கேட்டார்கள். பேக்கேஜில் இருந்தது முகாமுக்குப் போய்ச் சாப்பிடுவது மட்டும்தானாம்.

மூன்றாம் நாள் ராஜகிரித் தோழர் லீவு போட்டுவிட்டு வந்தார். அப்புறம்தான் எங்களுக்குத் துபாய் கிடைத்தது. நோல் கார்டு என்கிற பயண அட்டை வாங்கித் தந்து மெட்ரோவில் கூட்டிப் போனார். ஏறும்போதே, "முதல் வகுப்பு கோல்டு கேபின்ல ஏறிடாத, உள்ள எதையும் திங்காத, ரெண்டுக்கும் நூறு திர்ஹாம் அபராதம்" என்று எச்சரித்தார். க்ரீக் என்கிற உப்பங்கழியைக் கடக்கிற அப்ரா படகுக்கு ஆளுக்கு ஒரு திர்ஹாம். அன்றைய கணக்கில் இருபத்து மூன்று ரூபாய்ச் சொச்சம். அம்மா மூன்று தடவை அக்கரைக்கும் இக்கரைக்கும் போய் வந்தார். சாயங்காலம் துபாய் மால் பக்கத்து நீரூற்று, அதற்குக் காசே கிடையாது. புர்ஜ் கலீஃபா சீட்டு மட்டும் சாயங்கால நேரத்துக்கு விலை தாறுமாறு. மனைவியையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டு அம்மாவும் நானும் கீழே நின்றோம்.

தங்கம் பற்றி ஒரு வார்த்தை. "பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் வரியில்லாம கொண்டு வரலாம்" என்று ஏஜென்ட் ஆசை காட்டியிருந்தார். அந்தச் சலுகை ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கியிருந்து திரும்புகிறவர்களுக்கு உரியது. ஐந்து நாள் சுற்றுலா போனவனுக்குப் பொருந்தாது. தோழர் சொன்னதால் மனைவி கோல்டு சூக் என்கிற தங்கச் சந்தையைப் பார்த்ததோடு சரி.

ஊர் திரும்பிப் பணத்தைக் கேட்டபோது ஏஜென்ட் சிரித்தார். அவர் மாட்டியது அந்த 16,000 ரூபாயில். வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குப் பிடிக்கிற டிசிஎஸ் நம் பான் எண்ணில் வருமான வரித் துறைக்குக் கட்டப்பட வேண்டும். நம் பேரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அது தெரிந்திருக்க வேண்டும், கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ செய்யலாம். இவர் என் பான் எண்ணையே கேட்கவில்லை. அப்படியானால் யார் பேரில் கட்டினார்? ஆடிட்டர் பார்த்தார், 26ஏஎஸ்ஸில் ஒரு ரூபாய்கூட இல்லை. அதைக் கேட்ட அன்று சாயங்காலமே 16,000 திரும்பி வந்தது. அதே ஜிபே நம்பரிலிருந்து.

மீதிக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பதில் வராததால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அவர் பக்கத்துக்கு ஒரே ஆயுதம் அந்த 'ஆர் சிமிலர்', 'வியூ' பேப்பர்தான். என் பக்கம் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள் இருக்கின்றன. "மேல ஏறிப் பாக்கலாம் அண்ணே, அம்மாவுக்கு லிஃப்ட் இருக்கு" என்று அவரே சொன்னது உட்பட.

எங்களோடு அதே வேனில் பட்டுக்கோட்டைக் குடும்பம் ஒன்றும் வந்தது. ஆறு பேர், கைக்குழந்தையோடு. அவர்களிடம் நான் போன் நம்பர் வாங்க மறந்துவிட்டேன். இதைப் படித்தால் ரசீதையும் வாட்ஸ்அப்பையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.