திரை திரும்பி வந்தது, கட்டம் திருந்தவில்லை

உதிரிப் பாகம் வரும்வரை 3 வாரம் கேமராவைக் கறுத்த திரையோடு ஓட்டினேன். மடக்கித் திருப்பும் வகைத் திரை இது. உள்ளே ஓடும் பட்டை ஒயர் நைந்துவிட்டது. முதலில் கீழே சாய்த்தால் மட்டும் அணையும், நிமிர்த்தினால் உயிர் வரும். பிறகு எப்படிப் பிடித்தாலும் கறுப்புதான். போன வாரம் சரியாகி வந்தது. அதே வாரம் பார்த்து ஒரு தம்பி கேட்கிறார்: "அண்ணே, உங்க மாடல்ல பழசு ஒண்ணு விலைக்கு வருது. லேண்ட்ஸ்கேப் எடுக்க வாங்கலாமா?" ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. 6 வருஷமாக இந்தத் திரையோடு குடித்தனம் நடத்துகிறேன், மனதில் கிடப்பதை இங்கே கொட்டிவிடுகிறேன்.

24 மெகாபிக்சல், ஃபுல் ஃபிரேம், உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் வகை. மற்ற விவரமெல்லாம் இங்கே தேவையில்லை. நிறம் பற்றி, பிடிமானம் பற்றி எனக்குப் புகார் இல்லை. நான் பேசப்போவது முதுகில் இருக்கும் 3 அங்குலத் திரையைப் பற்றி மட்டும்.

முதலில் அது சொல்லும் பொய். 10.4 லட்சம் புள்ளி என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று புள்ளி. வகுத்துப் பார்த்தால் 720க்கு 480, சுமார் 3.5 லட்சம் பிக்சல்தான் தேறும். படத்திலோ 2.4 கோடி. ஏறக்குறைய 70 பிக்சலைத் திரையின் ஒரே பிக்சலுக்குள் திணித்துக் காட்டுகிறது. அவ்வளவு சுருக்கினால் எந்த மங்கலும் ஷார்ப்பாகத்தான் தெரியும். வாங்கிய புதிதில் எடுத்ததையெல்லாம் திரையில் பார்த்து மெச்சிக்கொண்டே வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டரில் திறந்ததும் முகம் தொங்கிப்போன நாட்கள் நிறைய. லென்ஸ் மேல் பழி போட்டேன். முக்காலி மேல் போட்டேன். ஒரு தடவை காற்றின் மேல்கூடப் போட்டேன்.

லென்ஸ் காண்பதை நேரடியாகத் திரையில் காட்டும் லைவ் வியூவைப் போட்டு, பூதக்கண்ணாடி பொத்தானை 2 தடவை அழுத்தினால் அதே திரை அரிச்சந்திரன் ஆகிவிடும். 10 மடங்கில், படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 600 பிக்சல், திரையை நிறைக்கும். கிட்டத்தட்ட பிக்சலுக்குப் பிக்சல். ஒளிய இடமே இல்லை.

திரை கெடுவதற்கு முன் ஒரு விடியற்காலை. ஏரிக்கரை, காலடியில் ஈரப்பாறை, அதன்மேல் பாசி. ஃபோகஸ் வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்புகிறேன். முதலில் வெறும் சாம்பல் கூழ். அதற்குள் ஏதோ பச்சை திரள்கிறது. இன்னும் கொஞ்சம். பாசி இழை ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நிற்கிறது. ஓர் இழை நுனியில் நீர்த்துளி, துளியின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கீற்று. அந்தக் கீற்று ரொம்ப மெலிந்த இடத்தையும் தாண்டி வேண்டுமென்றே திருப்புவேன். மறுபடி தடிக்கும். திரும்பி வருவேன். தாண்டிப் போய் வந்தால்தான் சரியான இடம் எது என்று கண்ணுக்குப் பிடிபடும். வளையத்தில் கை இருக்கும்வரை படம் கிடுகிடுவென ஆடும். கையை எடுத்துவிட்டு, ஆட்டம் அடங்கியதும் பார்க்க வேண்டும். இந்த 5 நிமிஷத்துக்காகவே இந்த கேமராவைப் பல தடவை மன்னித்திருக்கிறேன்.

ஹைப்பர்ஃபோகல் அட்டவணைப் பித்தும் இங்கேதான் தெளிந்தது. 24 மி.மீ. லென்ஸ், ஒளி புகும் துளையான அப்பர்ச்சர் எஃப் 11 (எண் கூடக் கூடத் துளை சுருங்கும்) என்றால் சுமார் 1.75 மீட்டரில் ஃபோகஸ் வை, 90 செ.மீ. தொடங்கி அடிவானம்வரை ஷார்ப் என்று அட்டவணை சொல்லும். வேதவாக்காக எடுத்துக்கொண்டு வைத்தேன். 10 மடங்கில் தூரத்து மலையைப் பார்த்தால் உச்சி மரமெல்லாம் பஞ்சுப் பொதி. அந்த அட்டவணை 0.03 மி.மீ. வரை மங்கலைப் பொறுத்துக்கொள்கிறது. கையில் பிடித்துப் பார்க்கும் பிரிண்ட்டுக்கு அது போதும். படம் விழும் என் சென்சாரில் ஒரு பிக்சலே 0.006 மி.மீ.தான். ஆக, 5 பிக்சல் அகலத்துக்கு மெழுகி வைத்துவிட்டு அதை ஷார்ப் என்கிறது. இப்போதெல்லாம் 3 மீட்டர், 4 மீட்டர் என்று தள்ளி வைத்து, பாறையையும் மலையையும் மாறி மாறிப் பார்த்து, எதில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று கண்ணாலேயே முடிவு செய்கிறேன்.

மாறி மாறிப் பார்த்து என்று சுலபமாக எழுதிவிட்டேன். வயிற்றெரிச்சலே அங்கேதான்.

பெரிதாக்க வேண்டிய இடத்தைக் காட்டும் சின்னக் கட்டம் ஒன்று உண்டு. லைவ் வியூ அணைந்து எழுந்தால் அது நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். விட்ட இடம் ஞாபகம் இருக்காது. லேண்ட்ஸ்கேப் படத்தில் நடுவில் என்ன இருக்கும்? தண்ணீர். இல்லாவிட்டால் வெறும் வானம். அங்கிருந்து நாலுபக்கப் பொத்தானால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இடது கீழ் மூலைக்கு 23 அழுத்து, எண்ணியிருக்கிறேன். அழுத்திப் பிடித்தால் வேகமாக ஓடும், ஓடி நான் கேட்ட இடத்தைத் தாண்டி நிற்கும். பாறையை முடித்துவிட்டு மலைக்குப் போவதற்குள் 30 விநாடி ஆகி, பேட்டரியைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று லைவ் வியூ படுத்துவிடும். எழுப்பினால் மறுபடியும் நடு. விரல் விறைக்கும் குளிரில், வெளிச்சம் கண்முன்னே கரைந்துகொண்டிருக்க, நடுத்தண்ணீரை 10 மடங்கு பெரிதாகப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று இதை வடிவமைத்த புண்ணியவானுக்கு ஒரு காலையாவது தெரிந்திருக்க வேண்டும். அணையும் நேரத்தை மெனுவில் கூட்டலாம். கூட்டித்தான் வைத்திருந்தேன். பழுது பார்த்த இடத்தில் எல்லா செட்டிங்கையும் துடைத்துவிட்டார்கள். புதுத் திரை பளபளவென்று வந்து, முதல் காலையே 30 விநாடியில் தூங்கியது.

இன்னொன்று, திரையில் தெரிவது முழுக்கத் திறந்த அப்பர்ச்சர். ஃபோகஸ் வைக்க அது நல்லதுதான், பிசகினால் சட்டென்று காட்டிக்கொடுக்கும். ஆனால் பாறையும் மலையும் சேர்ந்து தேறுமா என்பது எஃப் 11-க்கு மூடிப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு முன்பக்கத்து பிரிவியூ பொத்தானை இன்னொரு கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தால் விடியல் வெளிச்சத்தில் திரை முழுக்க மணலைக் கொட்டினாற்போல் நொய்ஸ். வம்பே வேண்டாம், எஃப் 22-க்குப் போய்விடலாம் என்றால், சிறு துளையில் ஒளி விரியும் டிஃப்ராக்‌ஷன்: ஒரு புள்ளி ஒளியே 0.03 மி.மீ. வட்டமாகப் பரவிவிடும். 1932-இல் அமெரிக்க லேண்ட்ஸ்கேப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸும் கூட்டாளிகளும் தங்கள் குழுவுக்கே எஃப் 64 என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் கையில் இருந்தது உள்ளங்கையை விடப் பெரிய ஃபிலிம். நம் சென்சாரில் அதைச் செய்வது புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான்.

அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது தலைத்துணி ஒன்றுதான். வெயில் ஏறினால் திரையில் என் முகம்தான் தெரிகிறது, அதனால் கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொள்கிறேன். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பியதும் திரை இருண்டுபோய், மறுபடி ஒயர் போச்சா என்று எனக்கு உயிரே போய்விட்டது. 40 தாண்டியவர்களுக்கு இன்னொரு தலைவலி: கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் கண் பவருக்குத் தகுந்தபடி திருப்ப ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், திரைக்கு அது கிடையாது. படிக்கிற கண்ணாடியை மறந்துவிட்டுப் போன அன்று நான் குருடன்தான். உச்சி வெயிலில் தூரத்தை 10 மடங்கில் பார்த்துப் பிரயோசனமில்லை, கானல் கொதித்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவு திட்டினாலும் அந்த 3 வாரத்தை மறைக்கக் கூடாது. திரை இல்லாமல், வியூஃபைண்டரில் பார்த்து ஆட்டோஃபோகஸை நம்பி எடுத்தேன். அதில் ஃபோகஸ் பார்ப்பது கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடிக்குக் கீழே உள்ள தனி சென்சார். அதற்கும் படம் விழும் சென்சாருக்கும் தூரக் கணக்கு இம்மி பிசகினாலும் ஃபோகஸ் விலகிவிடும். லைவ் வியூவில் படம் பிடிக்கும் சென்சாரே நேரில் பார்த்துச் சொல்வதால் அந்தத் தகராறு இல்லை. என் 24 மி.மீ. லென்ஸ் கொஞ்சம் முன்னாலேயே ஃபோகஸ் ஆகிறது என்பது இத்தனை வருஷத்தில் அப்போதுதான் தெரிந்தது. 140 படத்தில் மலை உருப்படியாக விழுந்தது 11.

ஒரு நண்பரின், உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் கண்ணை வைத்தேன். வியூஃபைண்டருக்குள்ளேயே 10 மடங்கு, வெயில் இல்லை, துணி இல்லை, மூடிய அப்பர்ச்சரும் அப்படியே தெரிகிறது. கட்டத்தை மூலையில் விட்டுவிட்டு கேமராவை அணைத்துப் போட்டேன். மூலையிலேயே இருந்தது.

தம்பிக்கு "வேண்டாம்பா, புதுசா பாரு" என்று பதில் அனுப்பினேன். அனுப்பிய கையோடு பேட்டரி இரண்டையும் சார்ஜில் போட்டுவிட்டு, மெனுவுக்குள் போய் அந்த 30 விநாடியை மறுபடி 30 நிமிஷமாக்கினேன். விடிய இன்னும் 7 மணி நேரம் இருக்கிறது.