தலைக்கட்டு உண்டு, ஓட்டு இல்லை

திருச்சியில் இறங்கி, புதுக்கோட்டை வழியாக ஊர் போய்ச் சேர இரவு பத்தரை ஆகிவிட்டது. கார் தெருமுனையிலேயே நின்றது. "இதுக்கு மேல வண்டி போகாதுண்ணே" என்றார் ஓட்டுநர். சிமென்ட் சாலையின் ஒரு ஓரத்தை நீளவாக்கில் வெட்டிக் குழாய் பதித்துவிட்டு, மேலே மண்ணை மட்டும் தள்ளியிருந்தார்கள். மழையில் மண் இறங்கி, முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். ஒரு பெட்டி என் தலையில், இன்னொன்று ஓட்டுநர் தலையில். சித்தி எதிரே டார்ச் அடித்துக்கொண்டு வந்தார்.

"எப்ப வெட்டுனது சித்தி?"

"பங்குனியில."

நான் போனது ஆடிக் கடைசி, 2025 ஆகஸ்ட்.

சிங்கப்பூரில் பதினேழு வருடம். புளோக்கில் லிஃப்ட் விளக்கு மினுக்கினால்கூட போட்டோ எடுத்து ஒன்சர்வீஸ் செயலியில் போட்டுவிட்டு மறந்துவிடுவேன். அது நகர மன்றத்தின் வேலையா வேறு துறையின் வேலையா என்று நான் யோசிக்க வேண்டியதில்லை, செயலியே பிரித்து அனுப்பிவிடும். ஊரில் அந்தப் பிரிக்கிற வேலைதான் பாதி வேலை.

மறுநாள் காலையில் நேரே வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களில் நிறையப் பேர் செய்கிற தப்பு இது. கிராம நிர்வாக அலுவலர் வருவாய்த் துறை ஆள். பட்டா, அடங்கல், சான்றிதழ் விசாரணை என்றால் அவர். தெரு, குடிநீர், சாக்கடை, குப்பை எல்லாம் ஊராட்சி. அது ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வருகிறது. தெருவிளக்கு இன்னும் வேடிக்கை. கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையவை, எரிகிற பல்பு ஊராட்சியுடையது. கண்மாய் என்றால் ஆயக்கட்டை, அதாவது அதில் பாசனம் பெறும் நிலப் பரப்பைக் கேட்க வேண்டும். நூறு ஏக்கருக்கு மேல் பாய்ந்தால் நீர்வளத் துறை, குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். வி.ஏ.ஓ. இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லி, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

சரி, ஊராட்சித் தலைவரைப் பார்க்கலாம் என்றால் தலைவரே இல்லை. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் எங்கள் சிவகங்கையும் ஒன்று. அந்த ஐந்து வருடப் பதவிக்காலம் 2025 ஜனவரி முதல் வாரத்தோடு முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் நடக்கும்வரை தனி அலுவலர் பொறுப்பு. அவர் ஒன்றிய அலுவலகத்தில் இருப்பார், எங்கள் ஊரைப் போல இன்னும் பல ஊர்கள் அவர் தலையில். பழைய தலைவரை டீக்கடையில் பார்த்தேன். "எங்கிட்ட இப்ப சீல் இல்ல தம்பி" என்று சிரித்தார். பதவி போனதில் அவருக்கு வருத்தமா நிம்மதியா, சிரிப்பை வைத்துச் சொல்ல முடியவில்லை.

ஊராட்சி செயலரைத்தான் கடைசியில் பிடித்தேன். ஊர்க்காரர்களுக்கு அவர் 'கிளார்க்கு'. பள்ளம் அவருக்கும் தெரியும், அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறார். "பதினஞ்சாந் தேதி கிராம சபையில சொல்லுங்கண்ணே. தீர்மானத்துல ஏறிட்டா மேல எழுத எனக்கு ஒரு பிடி கிடைக்கும்" என்றார்.

நடுவில் ஒரு ராத்திரி கோயில் ஊர்க்கூட்டம். குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்காக ஊர் வசூலிக்கிற தலைக்கட்டு வரியை நான் தவறாமல் கட்டுகிறவன், அதனால் முன்வரிசையில் நாற்காலி. சிங்கப்பூர்க்காரர் என்ன சொல்கிறார் என்று இரண்டு தடவை கேட்டார்கள். கும்பாபிஷேகக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, எதற்காகக் கேட்டார்கள் என்று சொல்லத் தேவையில்லை. நான் பள்ளத்தைப் பற்றி எடுத்தேன். "அது பஞ்சாயத்து வேலைப்பா" என்று அரை நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்கூட இல்லை. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், ஏனோ அன்றைக்குத்தான் உறைத்தது.

பதினான்காம் தேதி சாயங்காலம் சித்தி தச்சரிடம் அளவு டேப் வாங்கி வந்து, ஒரு முனையை என் கையில் கொடுத்து, "இங்கேயே நில்லு" என்று சொல்லிவிட்டுத் தெருக்கடைசிவரை நடந்தார். எதற்கென்று கேட்டேன். "சும்மாதான்" என்றார்.

கிராம சபை சுதந்திர தினத்தன்று பதினொரு மணிக்கு, ஊராட்சி அலுவலக வேப்பமரத்தடியில். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி, மிட்டாய் வாங்கிய பிள்ளைகளும் அப்படியே வந்துவிட்டார்கள். தனி அலுவலர் வரவில்லை, சபையைக் கவனிக்க ஒன்றியத்திலிருந்து அனுப்பிய பற்றாளர் வந்திருந்தார். எங்கள் ஊராட்சியில் மூவாயிரத்துக்கும் குறைவான ஜனம், விதிப்படி நூறு பேர் இருந்தால்தான் சபை செல்லும். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். பாதிப்பேர் போட்ட கையோடு கிளம்பியும் விட்டார்கள். யாரும் தடுக்கவில்லை. வரவுசெலவு, டெங்கு, ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் தண்ணீர் என்று கூட்டப்பொருள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டது. வாசித்த வேகத்தில் எனக்குப் பாதி புரியவில்லை.

"யாராச்சும் பேசணுமா?" என்றதும் எழுந்தேன். இரண்டு வாக்கியம் பேசியிருப்பேன். பின்னாலிருந்து என் பள்ளித் தோழனின் அப்பா கேட்டார்: "தம்பி, உனக்கு இங்க ஓட்டு இருக்கா?"

கேலியாகக் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் சரியான கேள்வி. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் கிராம சபை. நான் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவன். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓ.சி.ஐ. அட்டைதான் என்னிடம் இருக்கிறது. அதற்கு நிலம் வாங்குவதில்கூடக் கட்டுப்பாடு உண்டு, ஓட்டு கிடையவே கிடையாது. (இந்தியப் பாஸ்போர்ட்டை விடாத நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: 6ஏ படிவம் கொடுத்து, பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரிக்குப் பெயரைச் சேர்க்கலாம்.) அப்பா வீட்டுக்கு வீட்டு வரியை அங்கிருந்தே போனில் கட்டி ரசீது வைத்திருக்கிறேன். அதை எடுத்து நீட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நல்லவேளை, நீட்டவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

சித்தி எழுந்தார். மகளிர் குழுத் தலைவி. வங்கி மேலாளரிடம் பேசிப் பேசி வந்த குரல் அது.

"ஐயா, போன வாரம் பால்காரரு வண்டியோட அந்தப் பள்ளத்துல விழுந்தாரு. குழாய் வந்துச்சு, சந்தோசம். ஆனா கடைசி அஞ்சு வீட்டுக்குத் தண்ணி ஏறல. நடுவுல ரெண்டு வீட்டுல மோட்டார் போட்டு உறிஞ்சுறாங்க. பேரு சொல்லவா, வேணாமா?"

கூட்டம் சிரித்தது. ஒருவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெதுவாக வெளியே நடந்தார்.

பற்றாளர் எழுதச் சொன்னார். செயலர் எழுதினார். சித்தி விடவில்லை, "எழுதுனத வாசிங்க" என்றார். 'சாலையைச் சீரமைக்க நடவடிக்கை எடுக்கப்படும்' என்று இருந்தது. "எந்தச் சாலை? எத்தனை அடி? நூத்தி நாப்பது அடின்னு போடுங்க. தெருப் பேரையும் போடுங்க." செயலர் அடித்துத் திருத்தி எழுதினார். டேப் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சங்கடப்பட்டது நான்தான். சிங்கப்பூரில் எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் வாராவாரம் மக்களைச் சந்திக்கிறார். இந்தப் பதினேழு வருடத்தில் நான் ஒரு தடவையும் போனதில்லை.

ஊருக்குப் போகிறவர்கள் தேதி பார்த்துப் போனால் நல்லது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை சபை கூட வேண்டும், சில சமயம் தேதி தள்ளிப்போவதும் உண்டு. இடையில் அவசரம் என்றால் திங்கள்தோறும் கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம் இருக்கிறது, போனில் புகார் சொல்ல 1100 என்ற முதல்வர் உதவி எண் இருக்கிறது. எங்கே போனாலும் கையில் தீர்மான எண் இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கிறது. அதை நான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். சித்தி அதை வாங்கி ரேஷன் அட்டை உறைக்குள் செருகிவிட்டார்.

மோட்டார் இரண்டும் மறுநாளே கழன்றன. நான் கிளம்புவதற்குள் ஒன்று திரும்ப ஓட ஆரம்பித்துவிட்டது. அந்த வீடு எங்களுக்குப் பங்காளி வீடு, அதற்கு மேல் எழுத வேண்டாம்.

பள்ளம்? தீபாவளிக்கு முன்னால் சித்தியிடமிருந்து குரல் செய்தி வந்தது. "ஒரு லாரி ஜல்லி கொண்டாந்து தெருமுனையில கொட்டியிருக்காங்கப்பா. பரப்ப இன்னும் ஆள் வரல. இப்ப பள்ளமும் இருக்கு, மேடும் இருக்கு. அடுத்த கூட்டம் எப்பன்னு கிளார்க்குட்ட கேட்டுருக்கேன்."