வட்ட யோக்கா, ராக்லானா?

புதுச்சேரி மார்கழிக்குக் கம்பளி ஸ்வெட்டர் அதிகம். பருத்தி நூலே போதும். ஸ்வெட்டரில் கழுத்துக்கும் அக்குளுக்கும் இடையே தோளை மூடும் பகுதிதான் யோக். அது சீரான வட்டமாக விரிந்தால் வட்ட யோக்; கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்கோடுகளாக இறங்கினால் ராக்லான். இந்த இரண்டு வகையையும் கழுத்திலிருந்து கீழாகப் பின்னுவோம்: தொடக்கத்தில் 96 கண்ணி, யோக் முடியும்போது 240.

ராக்லானில் நான்கு சாய்கோடுகள். ஒன்றுவிட்டு ஒரு சுற்றில், ஒவ்வொரு கோட்டின் இருபுறமும் ஒரு கண்ணி கூட்டினால் 8 ஏறும். ஆக 18 முறை, 36 சுற்று. கோட்டின் இடத்தைக் காட்ட ஊசியில் மாட்டும் வளையமான மார்க்கர் வரும்போது மட்டும் கையைப் பார்த்தால் போதும். படிக்க மடியில் விரித்த புத்தகம் பக்கம் பக்கமாக நகரும்.

வட்ட யோக்கில் கூட்டல் மூன்றே சுற்றில் முடியும்: முதலில் 2 கண்ணிக்கு ஒன்று (144), அடுத்து 3க்கு ஒன்று (192), கடைசியில் 4க்கு ஒன்று (240). இடையே வெறும் சுற்றுகள். ஆனால் வண்ணப் பூவேலை சேர்த்தால் புத்தகத்தை மூடிவைக்க வேண்டியதுதான். கூட்டும் சுற்றுகளை நெருக்கிப் போட்டால் தோளில் சுருக்கம் விழும். பின்கழுத்தை அரைச்சுற்றுகளால் (சுற்றை முடிக்காமல் பாதியில் திரும்பிப் பின்னும் வரிசைகள்) உயர்த்தாவிட்டால் முன்பக்கம் தொண்டையை அழுத்தும்.

பருத்திக்குக் கம்பளியின் மீள்தன்மை கிடையாது. தன் கனத்திலேயே தொங்கும். ராக்லான் கோடுகள் அதை ஓரளவு தாங்கும். வட்ட யோக், ஊட்டிக்குப் போகிறவர்கள் கம்பளியில் பின்னட்டும். கடற்காற்றில் கை வியர்த்து நூல் நகராமல் முரண்டுபிடித்தால், மூங்கில் ஊசியை விட்டு உலோக ஊசிக்கு மாறுங்கள்.