ஆல், எனி: உள்ளே இணைந்த கால்களுக்கு எது சரி?

கிருஷ்ணகிரி மாந்தோப்பின் சொட்டுநீர் மோட்டாருக்குக் கட்டுப்பாட்டு போர்டு வரைந்தால், நான்கு கால் புஷ் பட்டன் அதில் நிச்சயம் இருக்கும். அதன் கால்கள் இரண்டிரண்டாக உள்ளேயே இணைந்தவை. அழுத்தினால்தான் இரு ஜோடிகளும் சேரும்.

போர்டு வரையும் ஈகிள் மென்பொருளில், ஒரே பின்னுக்கு (வரைபடக் குறியீட்டில் பாகத்தின் இணைப்பு முனை) பல பேட்களை (போர்டில் கால்களைச் சால்டர் செய்யும் செம்பு இடங்கள்) இணைக்கும்போது 'ஆல்' (All), 'எனி' (Any) என இரண்டு வழிகள் உண்டு. 'ஆல்' என்றால் எல்லா பேட்களுக்கும் டிராக் (செம்புத் தடம்) போட்டே ஆக வேண்டும். அதுவரை, இணைப்பு பாக்கி என்று காட்டும் ஏர்வயர் கோடு மறையாது. 'எனி' என்றால் ஒன்று போதும். கிகேட் என்ற இன்னொரு போர்டு மென்பொருளில் இரு பேட்களுக்கு ஒரே எண் கொடுத்தால் வழக்கமாக 'ஆல்' போலத்தான் நடக்கும்.

பட்டனுக்கு என் வாக்கு 'எனி'க்கே. ஒற்றை அடுக்கு போர்டில் டிராக்கை எந்தக் காலில் முடிப்பது சுலபமோ அங்கே முடித்துவிடலாம். குறுக்கே வரும் டிராக்கைத் தாண்ட வீணாக ஒரு ஜம்பர் கம்பி வேண்டாம். டிராக் இல்லாத காலையும் சால்டர் செய்யுங்கள்; விரல் அழுத்தத்தை அதுவும் தாங்குகிறது. ஆனால் பட்டனையே பாலமாக்கி, கிரவுண்டை அதன் வழியே மற்ற பாகங்களுக்குக் கொண்டுபோகாதீர்கள். பழுதான பட்டனைக் கழற்றிய நொடியில் அதற்கு அப்பால் உள்ளவையும் செத்துவிடும். தோப்பில் பழுது பார்ப்பவருக்குக் காரணமே பிடிபடாது.

மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஏஎம்எஸ் 1117 போன்ற ரெகுலேட்டரில் கதை வேறு. அதன் அகன்ற தகடும் நடுக்காலும் ஒரே வெளியீடுதான், ஆனால் வெப்பம் வெளியேறுவது முக்கியமாகத் தகடு வழியே. அங்கே 'எனி' வைத்தால், தகட்டுக்குச் செம்புப் பரப்பு இல்லாமலே மென்பொருள் சோதனையைக் கடக்க விட்டுவிடும். அதற்கு 'ஆல்' மட்டுமே.